கடையில் வாங்கிய தாத்தா

தாத்தாவின் போட்டோ இல்லாத வீடுகளில் வளர்ந்தவர்கள் நம் வயதுக்காரர்களில் நிறைய பேர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். போட்டோ இருந்த வீட்டுக்காரர்களும் படிக்கலாம், ஆனால் சிரிக்கக் கூடாது.

போன மாதம் மருமகள் என்னை மலாக்கா டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் செருப்புக் கடைக்குள் நுழைந்தால் சீக்கிரம் வெளியே வர மாட்டாள். வெயிலுக்கு ஒதுங்கி நான் பக்கத்திலிருந்த பழைய சாமான் கடையில் நின்றேன். நாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய ரப்பர் பால் வாளி, மங்குத் தட்டு, மண்ணெண்ணெய் விளக்கு எல்லாம் அங்கே கண்ணாடி அலமாரிக்குள் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தன. கல்லாப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைக்குள், அந்தப் படம் இருந்தது. பழைய தபால் அட்டை. பழுப்பு ஆறு, ஆரஞ்சு வானம், ஒரு சம்பான் படகு. சம்பானின் முன்னால் நின்று ஒருவர் வலை வீசுகிறார். வலை ஆகாயத்தில் குடை போல விரிந்து நிற்கிறது. பின்னால் இன்னொருவர் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துடுப்போடு உட்கார்ந்திருக்கிறார்.

நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கல்லாவை ஒட்டிப் போய் நின்றேன்.

கடைக்காரச் சீனப் பையன் நான் வாங்க வந்தவள் என்று நினைத்துவிட்டான். இந்த அட்டை இப்போது எங்கும் கிடைக்காது, சேகரிக்கிறவர்கள் தேடித் தேடி வருகிறார்கள் என்று மலாயில் சொன்னான். இது மாதிரி இன்னும் எத்தனை வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். இது ஒன்றுதான் என்றான். எனக்கு மூச்சு வந்தது. ஒன்று என்றால் பரவாயில்லை. ஒரு குடும்பத்தோடு போகும்.

கவலைப்படுவதில் நான் சின்ன வயதிலிருந்தே யாருக்கும் குறைந்தவள் இல்லை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டதால் அதற்கு நேரமும் நிறையக் கிடைத்தது. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கியவள் நான். ஆனால் இந்தப் படத்தைப் பற்றிய கவலைக்குக் காரணம் இருக்கிறது.

எங்கள் தோட்டம் ஜாசினுக்கும் செலண்டாருக்கும் நடுவில் இருந்தது. அப்பா ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் கொட்டகையில் வேலை பார்த்தார். அவர் சட்டையை எத்தனை சோப்புப் போட்டுத் துவைத்தாலும் புகை வாசம் போகாது. அப்பாவின் அப்பா, ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர்களில் ஒருவர். திரும்பவில்லை. போட்டோ பிடித்துக்கொண்டு போகிற பயணமா அது? அப்பா அப்போது சின்னப் பிள்ளை.

தீபாவளிக்கு முதல் நாள் நம் வீடுகளில் செத்தவர்களுக்குப் படையல் போடுவோம் இல்லையா. லயத்து வரிசையில் மற்ற வீடுகளில் எல்லாம் ஸ்டூடியோ போட்டோ இருந்தது. தாத்தாக்கள் நாற்காலியில் கைத்தடியோடு உட்கார்ந்திருப்பார்கள், பின்னால் திரையில் வரைந்த மாடிப்படி இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு செம்பில் தண்ணீர் வைத்து, அதற்கு முன்னால் இலை போடுவோம். அடுத்த வீட்டு அத்தை வருடா வருடம் எட்டிப் பார்த்து, "என்னாண்ணே, செம்புக்குப் படைச்சாச்சா?" என்று கேட்பார். நல்ல மனசோடுதான் கேட்பார். அப்பாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் ஜாசினுக்குச் சாமான் வாங்கப் போனபோது நானும் அப்பாவோடு போனேன். ஆறு ஏழு வயது இருக்கும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பாய் கடை. கைலி, குடை, சிலேட்டு, பட்டாசு, கண்ணாடிச் சட்டம், தைல பாட்டில் எல்லாம் அங்கே கிடைக்கும். வாசலில் ஒரு கம்பி ஸ்டாண்டில் தபால் அட்டைகள் தொங்கும். தொட்டால் கிறீச்சென்று சுற்றும். அப்பா அதைச் சுற்றிவிட்டு எனக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தவர், ஒரு அட்டையில் கையை நிறுத்திவிட்டார்.

பாய் உள்ளே இருந்தபடியே, "என்னா தம்பி, அவ்ளோ நேரமா பாக்குறீங்க? தெரிஞ்சவரா?" என்றார்.

"எங்கப்பாவும் இப்படித்தான் வலை வீசுவாராம், கெசாங் ஆத்துல. எங்கம்மா சொல்லும்."

பாய் வந்து மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு அட்டையைப் பார்த்தார். அப்புறம் அப்பாவைப் பார்த்தார். "அப்போ இவராவே இருந்தாலும் இருக்கலாம் லா. ஆத்துல மீன் புடிக்கிறவன்கிட்ட பேரு கேட்டுட்டா படம் புடிக்கிறான்?"

அதற்குத் தோதான கண்ணாடிச் சட்டத்தையும் அவரே எடுத்துக் கொடுத்தார். ஜாசினில் பஸ் ஏறும்போது அப்பா என்னிடம், "தாத்தா மாதிரியே இருக்கு, பாத்தியா?" என்றார். தோட்டத்து முனையில் நாங்கள் இறங்கிவிட்டோம். ‘மாதிரி’ மட்டும் இறங்காமல் அதே பஸ்ஸில் செலண்டாருக்குப் போய்விட்டது. வீட்டுக்குள் நுழைந்து அம்மாவிடம், "அப்பா படம் கெடைச்சிருச்சு" என்றார்.

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதுதான் அவர் குடும்பம் நடத்திய விதம். படத்தைச் சாமி மேடையில் வைத்து, வலை வீசுகிறவர் முகத்தின்மேல், கண்ணாடியில், சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தார். வெள்ளிக்கிழமைதோறும் பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு. ஒரு வருடத்தில் தாத்தாவுக்கு முகமே இல்லை. கைலி கட்டிய ஒரு பெரிய பொட்டு நின்றுகொண்டு வலை வீசியது.

அதற்கப்புறம் கதைகள் வளர ஆரம்பித்தன. தாத்தா ஒரே வீச்சில் ஒரு கூடை மீன் எடுப்பாராம். முதலை வலையில் விழுந்து, தாத்தாவைப் பார்த்ததும் தானே வலையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டதாம். அடுத்த வீட்டு அத்தை, தாத்தா ஏன் மலாய்க்காரர் மாதிரி தலைத்துணி கட்டியிருக்கிறார் என்று கேட்டதற்கு, ஆற்று வேலைக்கு அதுதான் தோது என்று அப்பா சொல்லிவிட்டார். பின்னால் துடுப்போடு இருப்பவர் யார் என்று நான் ஒருமுறை கேட்டேன். "கூட வந்த ஆளு" என்றார். வேலைக்கு வைத்திருந்தவர் போலச் சொன்னார்.

இப்படி நாலைந்து வருடம் தாத்தா நல்லபடியாக மீன் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் அக்காவுக்கு மாப்பிள்ளை வந்தது.

அக்கா தோட்டத்து ஆயாக் கொட்டகையில், அம்மாமார்கள் வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை ரப்பர் பால் லாரி ஓட்டுகிறவர். வீடு சுங்கை ரம்பாய் பக்கம் ஒரு தோட்டம், ஆனால் தினமும் எங்கள் தோட்டத்து வழியாகத்தான் போவார். லாரி கொட்டகையைத் தாண்டும்போது தேவையே இல்லாமல் ஒரு ஹாரன் அடிப்பார். தூங்குகிற பிள்ளைகள் எல்லாம் எழுந்து அழும். அக்கா மட்டும் சிரிப்பாள். அந்த ஹாரன் ஒரு நாள் கேட்காவிட்டால் அன்றைக்கு எங்கள் வீட்டுக் குழம்பில் உப்பு இருக்காது. அவர் முறைப்படி பெண் கேட்டு வீட்டாரை அனுப்புகிறார் என்றதும் அக்கா இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை. எனக்கு அதுவே கவலையாக இருந்தது. இவ்வளவு சந்தோஷம் உடம்புக்கு ஆகுமா என்று.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா அவர்கள் தோட்டத்தில் வாட்ச்மேன். வீட்டுக்குள் பேசினாலும் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனிடம் பேசுவது போலத்தான் பேசுவார். அவருடைய தங்கச்சி, அதாவது மாப்பிள்ளையின் அத்தை, எங்கள் பாத்திரங்களைக்கூட எண்ணிக்கொண்டிருப்பது போல எனக்குத் தோன்றியது. மாப்பிள்ளை புதுச் சட்டையில் ஸ்டார்ச் வாசத்தோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேசரி, உளுந்து வடை, காப்பி. எல்லாம் நன்றாகத்தான் போனது. அக்கா தட்டோடு வந்து நின்றாள். மாப்பிள்ளையின் அப்பா பெரிய மனுஷத்தனமாக, "மொதல்ல சாமி கும்பிட்டுருவோம்" என்று எழுந்து சாமி மேடைப் பக்கம் திரும்பினார்.

கும்பிட்ட கை அப்படியே நின்றது. குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார்.

"இது எங்கப்பால்ல?"

அப்பா, "எங்கப்பா" என்றார்.

"இல்லீங்க. எங்கப்பா. எங்க வீட்டுலயும் இதே படம் இருக்கு. இதே வலை. இதே பொட்டு."

அவருடைய அப்பாவும் சயாமுக்குப் போனவர்தான் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டு அப்பாக்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இப்போது நினைத்தால் அந்த ஒரு நிமிடத்தில் இரண்டு பேரில் ஒருவர் வாயைத் திறந்து, ‘இது ஜாசின் பாய் கடையில் வாங்கியது’ என்று சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுக் காப்பி குடித்திருக்கலாம். அவ்வளவு பேர் முன்னால் அதைச் சொல்ல யாருக்கு வரும்?

மாப்பிள்ளையின் அத்தைக்குத்தான் முதலில் கணக்குப் புரிந்தது. மெதுவாகச் சொன்னார். "ரெண்டு பேருக்கும் அப்பா ஒருத்தருன்னா, நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பி. அப்போ பொண்ணும் மாப்பிள்ளையும்..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இல்லை. நம் வழக்கத்தில் அண்ணன் தம்பி பிள்ளைகள் கூடப் பிறந்தவர்கள். மாப்பிள்ளை சுவரை விட்டுவிட்டு முதல்முறையாக அக்காவைப் பார்த்தார். நான் எதற்கும் இருக்கட்டும் என்று வடைத் தட்டை எடுத்து உள்ளே வைத்தேன்.

அவர்கள் காப்பி குடிக்காமலே போய்விட்டார்கள். மறுநாளிலிருந்து லாரி ஹாரன் அடிக்காமல் போனது. அதைக் கேட்பதற்குப் பழைய ஹாரனே தேவலை.

அக்கா அழவில்லை. அழுதிருந்தால் அப்பாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் புகைக் கொட்டகையிலிருந்து வந்து முகம் கழுவுகிறவரையில் காத்திருந்து, துண்டைக் கையில் கொடுத்துவிட்டு, "கடையில வாங்குனேன்னு சொல்லிருங்கப்பா" என்றாள்.

"எத?"

"தாத்தாவ."

அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்தே பேசினார். "பெத்த அப்பனக் கடையில வாங்குனேன்னு எப்படிம்மா சொல்றது?"

எனக்கு வேறு கவலை. எங்கள் படமும் அவர்கள் படமும் ஒரே கடைப் படம் என்றால், அந்தக் கம்பி ஸ்டாண்டில் இன்னும் நிறைய தொங்குமே. அதை வாங்கிப் பொட்டு வைத்தவர்கள் எல்லாரும் எங்களுக்கு என்ன முறை? மறுநாளிலிருந்து ஆம்பளைப் பிள்ளைகளைப் பார்த்தாலே எனக்குப் பயம். மலாக்கா மாநிலம் முழுக்க எனக்கு அண்ணன்கள் ஆகிவிட்டால், பிற்காலத்தில் எனக்கென்று ஒருத்தன் எங்கிருந்து வருவான்? பத்து பதினோரு வயதில் எனக்கு இந்தக் கவலை வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கணக்கு ஏறாமல் போனதற்கு வாத்தியார் வேறு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ஜாசினுக்கு பஸ் ஏறினார். பாசாருக்கு, காய்கறி வாங்க என்று அப்பாவிடம் சொன்னார். பாசார் பக்கமே போகாமல் நேராகப் பாய் கடை. வாசலில் ஸ்டாண்டு அப்படியே இருந்தது. ஒரு வரிசை முழுக்க எங்கள் தாத்தா தொங்கினார். பொட்டில்லாமல். முகத்தைப் பார்க்கக் கூடாது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். பார்த்துவிட்டால் பாவம் என்று ஒரு எண்ணம்.

"பாய், இந்தப் படத்த வேற யாருக்கு வித்தீங்க?" என்று அம்மா கேட்டார்.

பாய் ஸ்டாண்டைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றினார். "யாவாரத்துல அதெல்லாம் சொல்லக் கூடாது தங்கச்சி."

"சரி. சொல்ல வேணாம். எம்மவ கல்யாணம் நின்னு போச்சு. நாளைக்கே கொண்டாந்து உங்க கடையில விட்டுர்றேன். நீங்களே ஒரு எடம் பாத்துக் கட்டி வைங்க."

பாய் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எல்லாம் வந்தது. சுங்கை ரம்பாய்க்காரர் அப்பாவுக்கு ஒரு வருடம் முன்னாலேயே வாங்கிப் போனாராம். அவரிடமும், ‘இவராவே இருந்தாலும் இருக்கலாம் லா’ என்று பாய் சொன்னாராம். பெண் பார்த்த அன்றைக்கு அப்புறம், ஒருவருக்கும் தெரியாமல் இரண்டு அப்பாக்களும் தனித்தனியாக வந்து, கடையில் வாங்கியதை வெளியே சொல்லக் கூடாது என்று பாயிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். இருவரும் ஒரே வாரத்தில் வந்திருக்கிறார்கள். ஒருவர் வெளியே போக ஒருவர் உள்ளே வந்ததாகப் பாய் சொன்னார்.

நான் பொறுக்க முடியாமல், வெள்ளைக்காரர்கள் யாராவது வாங்கியிருக்கிறார்களா என்று கேட்டேன். முன்னே இருந்த துரை வீட்டு அம்மா ஊருக்கு அனுப்ப ஒரு கட்டு வாங்கிப் போனார் என்றார் பாய். லண்டனிலும் அண்ணன்கள். நான் அதற்குமேல் கேட்கவில்லை.

"சத்தியத்த மீற மாட்டேன்" என்றார் பாய் கடைசியில். "ஆனா ரெண்டு பேரையும் இங்க வரச் சொல்லுங்க. படத்தோட."

வந்தார்கள். பாய் கடையின் பின்கட்டில், அரிசி மூட்டைகளுக்கும் கைலிக் கட்டுகளுக்கும் நடுவில். இரண்டு வீட்டுச் சட்டங்களும் துண்டில் சுற்றி, கைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வரப்பட்டிருந்தன. அக்கா வரக் கூடாது என்று அப்பா சொன்னார். அக்கா பதில் பேசாமல் எங்களுக்கு முன்னால் போய் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டாள். மாப்பிள்ளை உள்ளே வரவில்லை. வாசலில் லாரி டயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்த டயர் பட்ட பாடு எந்த டயரும் பட்டிருக்காது.

பாய் இரண்டு சட்டங்களையும் ஒரு அரிசி மூட்டைமேல் பக்கத்தில் பக்கத்தில் சாய்த்து வைத்தார். ஒரே ஆறு. ஒரே சம்பான். இரண்டிலும் வலைக்காரர் தலையில் பொட்டு. அவர்கள் வீட்டுப் பொட்டு கொஞ்சம் பெரியது. அத்தை அதைக் கவனித்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முதலில் சத்தம்தான். எங்கப்பா, எங்கப்பா என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அத்தை நடுவில், தன் அப்பா இரண்டு தோட்டத்தில் இரண்டு குடும்பம் வைத்திருந்தார் என்று சொல்ல வருகிறீர்களா என்று கேட்டார். அம்மா, எங்கள் வீட்டு மனுஷன் அப்படிப்பட்டவர் இல்லை, உங்கள் வீட்டில் எப்படியோ என்றார். கைலிக் கட்டின்மேல் தூங்கிக்கொண்டிருந்த பாயின் பூனை எழுந்து போய்விட்டது.

பாய் டீயை ஊற்றிக்கொண்டே பொதுவாகக் கேட்டார். "தோணியில எத்தன பேரு இருக்காங்க?"

எல்லாரும் படத்தைக் குனிந்து பார்த்தார்கள்.

"ரெண்டு பேரு. அண்ணன் தம்பியா இருந்தா வலைய யாரு வீசுறதுன்னு கரையிலயே அடிச்சிக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். ஒத்துமையா ஆத்துக்கு நடுவுல வந்திருக்காங்கன்னா இவங்க மாமன் மச்சான். அப்படித்தான் எனக்குப் படுது."

ஒவ்வொருவர் முகத்திலும் கணக்கு ஓடுவது தெரிந்தது. தாத்தாக்கள் மாமன் மச்சான் என்றால் பிள்ளைகளுக்கு முறை சரியாகிறது. சரியாவது என்ன, தேடினாலும் கிடைக்காத முறை. அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். வாசலில் டயரைத் தட்டும் சத்தம் நின்றது.

ஆனால் யார் பின்னால் உட்காருவது?

அங்கேதான் மறுபடியும் இடித்தது. மாப்பிள்ளையின் அப்பா, தன் அப்பா துடுப்புப் பிடித்து உட்காருகிற ஆள் இல்லை என்றார். அப்பாவும் அதையே சொன்னார். இத்தனை வருடம் லயம் முழுக்க முதலைக் கதை சொன்னவர், இப்போது முதலையை யாரிடம் கொடுப்பார்? பாய் இரண்டு பேரையும் பார்த்துப் பார்த்து அலுத்து, டீ கிளாஸை வைத்துவிட்டார்.

அக்கா கதவோரம் நின்றிருந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண் பேசக் கூடாது என்பது அன்றைய சட்டம். அவள் பேசினாள்.

"ரெண்டு பேரும் நின்னு வலை வீசுனா தோணி கவுந்துரும். ரெண்டு தாத்தாவும் செத்துருவாங்க. அப்புறம் நீங்க ரெண்டு பேரும் பொறந்தே இருக்க மாட்டீங்க. எனக்கும் இந்தத் தொல்ல இருக்காது."

எனக்குச் சிரிப்பு வந்தது, பயத்தில் இருமலாக மாற்றினேன். அப்பா சிரிக்கவில்லை. எங்கள் வீட்டுச் சட்டத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பாய் கடை வாசலில் முன்பு பார்த்தாரே, அதே மாதிரி. ஆனால் இப்போது பார்த்தது பின்னால் இருந்தவரை.

"எங்கப்பா பின்னால உக்காந்திருக்கிறவருதான்" என்றார்.

அப்பா யாரையும் பார்க்காமல் சொன்னார்: "எங்கப்பா மூஞ்சி எனக்குத் தெரியாதுங்க. லாரியில ஏறும்போது பின்னாலேருந்து பாத்ததுதான். முதுகுதான் ஞாபகம். இவருதான் அவரு."

அக்காவுக்காக அப்பா தாத்தாவை விட்டுக்கொடுத்துவிட்டார் என்றுதான் அன்றைக்கு நான் நினைத்தேன். பஸ்ஸில் வரும்போது அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அவர் ஒன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை என்பது எனக்கே பேரப்பிள்ளைகள் வந்த பிறகுதான் புரிந்தது. அத்தனை வருடமும் பொட்டு தப்பான ஆளுக்கு வைத்திருந்தோம், அவ்வளவுதான்.

மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்போ பொட்ட மாத்தி வச்சிருங்க மச்சான்" என்றார். மச்சான் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. வேலிக்கு அந்தப் பக்கம் கேட்காத குரலில் சொன்னார்.

அம்மா பாயிடம் ஈரத்துணி வாங்கி, எங்கள் படத்தின் வலைக்காரர் தலையிலிருந்த சந்தனத்தைத் துடைத்தார். வருடக் கணக்கில் காய்ந்த சந்தனம். சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. கண்ணாடி சுத்தமானது. எல்லாரும் குனிந்து பார்த்தோம்.

இருபது வயது மலாய்க்காரப் பையன். மீசைகூட முளைக்கவில்லை. காதில் ஒரு இலைச் சுருட்டைச் செருகிக்கொண்டு, படம் பிடிக்கிறவரைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

பாய் கூரையைப் பார்த்தார். அப்பா அரிசி மூட்டையில் எழுதியிருந்ததைப் படித்தார். மாப்பிள்ளையின் அப்பா துண்டை எடுத்துத் தங்கள் சட்டத்தை மூடினார். இனி இந்தப் பையன் முழுக்க முழுக்க அவருடையவன்.

"சின்ன வயசுல எடுத்த படம்" என்றார் அத்தை.

"ஆமாமா, சின்ன வயசுல" என்று அம்மா ஒத்து ஊதினார்.

"டீ ஆறுது" என்றார் பாய்.

வாசலில் லாரி ஹாரன் ஒருமுறை அடித்தது. யார் கை பட்டது என்று யாரும் கேட்கவில்லை. அக்கா குனிந்துகொண்டாள்.

கல்யாணத்தைத் தை மாதம் வைத்தார்கள். நடுவில் தீபாவளி வந்தது. அதுவரை எங்கள் படையலில் ஒரு பாட்டில் ஸ்டவுட் பீர் இருக்கும். தாத்தாவுக்குப் பிடிக்கும் என்பார் அப்பா. படைத்து முடித்ததும் தாத்தா சார்பாக அவரே குடிப்பார். அந்த வருடம் பாட்டிலைக் காணோம். அப்பா இலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, எங்கே என்று கேட்டார். அம்மா கற்பூரத்தைத் தட்டில் வைத்தபடி, "அது வலை வீசுறவரு குடிப்பாரு. அவருக்கு சுங்கை ரம்பாயில வைப்பாங்க. நம்மவரு குடிக்க மாட்டாரு" என்றார். அப்பா வாயைத் திறந்தார். பின்னால் உட்கார்ந்தவர் குடிப்பார் என்பதற்கு அவரிடம் எந்த ஆதாரமும் இல்லை.

கல்யாணத்துக்கும் தாத்தாக்களால் ஒரு கெடுதலும் வரவில்லை. மழை வரும் என்று நான் பயந்தேன், வரவில்லை. தாலி தொலைந்துவிடும் என்று பயந்தேன், அதுவும் இல்லை. சாயங்காலம் அக்காவை மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் விட நாங்கள் எல்லாரும் லாரியில் ஏறிப் போனோம். மணப்பெண் உள்ளே நுழைந்ததும் அந்த வீட்டு விளக்கை ஏற்ற வேண்டும். அவர்கள் சாமி மேடையில் அவர்கள் படம் இருந்தது, மாலையோடு. வலைக்காரர் முகத்தில் புதுச் சந்தனம், முன்னைவிட அகலமாக. அந்தச் சிரிப்பு எங்கேயும் எட்டிப்பார்க்காத அளவுக்கு அகலம்.

அக்கா விளக்கேற்றினாள். அத்தை சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். அக்கா விரலில் சந்தனத்தை எடுத்தாள். வலைக்காரரைத் தாண்டிப் போனாள். பின்னால் உட்கார்ந்திருந்தவர் முதுகில் ஒரு சின்னப் பொட்டு வைத்தாள்.

அது அவர்கள் வீட்டு மேடை. எங்கள் தாத்தாவுக்கு அங்கே என்ன வேலை? அத்தையின் கிண்ணம் அந்தரத்தில் நின்றது. வாசல்படியில் நின்ற அப்பா என் தோளைப் பிடித்தார், வலித்தது. முதல் நாளே பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது, இந்த நேரத்தில் ஜாசினுக்கு பஸ் இருக்குமா என்று நான் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா கிட்டே வந்தார். குனிந்து கண்ணாடியில் அந்தப் பொட்டைப் பார்த்தார்.

"என்னாம்மா, இத்துனூண்டு வைக்கிற? மனுசன் ஏற்கனவே மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்காரு. பெருசா வை" என்றார்.

அக்கா பெரியதாக வைத்தாள்.